கல்லணை, திருவையாறு, தஞ்சாவூர்: தண்ணீரின் பின்னாலேயே ஒரு நாள்

திருச்சிக்கு மாற்றலாகி வரும் குடும்பங்கள் எங்கள் தெருவில் அதிகம். வந்து ஒரு மாதம் ஆவதற்குள் யாராவது ஒருவர் வாசலில் நின்று கேட்பார்: "ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காரில் எங்கே போகலாம்? காலையில் கிளம்பி ராத்திரி வீடு வந்து சேரணும்." கும்பகோணம், தாராசுரம், சுவாமிமலை, கங்கைகொண்ட சோழபுரம் என்று கையில் ஒரு நீளமான பட்டியலும் இருக்கும். அதை மடித்துப் பையில் வைக்கச் சொல்லிவிடுவேன். காவிரி டெல்டாவை முதன்முதலில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு அணை, ஒரு ஆற்றங்கரை ஊர், ஒரு நகரம் போதும். கல்லணை, திருவையாறு, தஞ்சாவூர். மூன்றையும் கோர்க்கும் சரடு தண்ணீர்தான். காலையில் கல்லணையில் பிரிந்து போகும் தண்ணீரைத்தான் அன்று முழுக்கப் பாலம் பாலமாகக் கடக்கப் போகிறீர்கள். இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பின் சீட்டில் கைபேசி தேவைப்படாது.

மொத்தத் தூரம் சுமார் 130 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து கல்லணை 20, அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு சுமார் 35, திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் 13, திரும்பி வர நெடுஞ்சாலையில் 55க்குச் சற்று மேலே. எண்களைப் பார்த்தால் குறைவாகத் தெரியும். ஆனால் முதல் பாதி முழுக்க ஆற்றங்கரைச் சாலை. அதில் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியாது, போகவும் கூடாது.

எந்த மாதம் போவது?

இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து பாசனத்துக்குத் திறந்துவிட மேலும் சில நாட்கள் ஆகும். அணையில் இருப்பு குறைவான ஆண்டுகளில் தேதி தள்ளிப்போவதும் உண்டு. ஆகவே ஜூலையிலிருந்து ஜனவரிக்குள் போனால் ஆற்றில் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். மார்ச், ஏப்ரலில் போனால் மணல்தான் கிடக்கும். "காவிரி எங்கே?" என்று பிள்ளை கேட்கும்போது காய்ந்த மணலைக் காட்டுவதற்கு மனசு வராது.

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை. குறுவை நெல் கதிர் பிடித்திருக்கும், சில வயல்களில் அறுப்பும் தொடங்கியிருக்கும். பக்கத்து வயலில் சம்பாவுக்கு நாற்று விட்டிருப்பார்கள். பச்சையும் மஞ்சளும் ஒரே வரப்புக்கு இரண்டு பக்கமும் தெரியும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது போகிறீர்கள் என்றால் வானிலை பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் சில உண்டு. ஆடிப்பெருக்கு அன்று படித்துறைகளில் கால் வைக்க இடம் இருக்காது. காப்பரிசியும் காதோலை கருகமணியும் மஞ்சள் சரடுமாகப் பெண்கள் ஆற்றுக்குப் படையல் போடும் அழகைப் பார்க்கவே போகிறேன் என்றால் போகலாம், ஆனால் அன்று இந்தப் பயணத்தின் மற்ற பகுதிகளை மறந்துவிட வேண்டும். காணும் பொங்கலன்று கல்லணை நெரிசல். தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் திருவையாற்றில் வண்டி நிறுத்துவது கஷ்டம். பிரதோஷ நாளில் மாலை பெரிய கோயிலில் நந்தி அபிஷேகத்துக்குப் பெருங்கூட்டம் கூடும். நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள்

டாங்கை நிரப்பி, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு மாற்று உடை, இரண்டு துண்டு, நனைந்த துணியைப் போட ஒரு பை. வெயில் நாளாக இருந்தால் எல்லாருக்கும் பழைய காலுறை ஒரு ஜோடி. இது எதற்கு என்று பெரிய கோயிலில் தெரியும். கோயில்களுக்குள் போவதால் முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடை. வண்டி நிறுத்த, செருப்பு வைக்க, பூ வாங்க, கழிப்பறைக்கு என்று பத்து ரூபாய், இருபது ரூபாய் சில்லறை கொஞ்சம் வேண்டும். கைபேசியில் பணம் அனுப்ப முடியாத இடங்கள் கரையோரத்தில் இன்னும் இருக்கின்றன. குடிதண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். காலை உணவுக்கு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி எண்ணெய் விட்டுக் கட்டிக்கொண்டால் அலைச்சல் மிச்சம். கரையோரச் சாலையில் காலை ஏழு மணிக்கு டீக்கடை கிடைக்கும். ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலைத் தேடினால் நேரம் போய்விடும்.

இனி நேரக்கணக்கு. இந்தப் பயணமே கோயில் நடை சாத்தும் நேரத்தை வைத்துத்தான் அமைகிறது. பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். ஆகவே காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில். நடுவில் உள்ள வெயில் நேரத்துக்கு அரண்மனை. தஞ்சாவூரை முதலில் பார்த்துவிட்டுத் திருவையாறு போகிறவர்கள் மத்தியானம் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

காலை ஆறு மணி: கல்லணை

திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகப் போகும் சாலையைப் பிடியுங்கள். ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம், நடுவில் வாழைத் தோப்புக்குள் சாலை. வழியில் வாழைத்தார் வெட்டி ஏற்றிக்கொண்டிருந்தால் வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் காட்டுங்கள். தாரைத் தோளில் தூக்கி வருகிறவர் அதை இறக்கி வைக்கும் பக்குவம் பார்க்க வேண்டியது. ஒரு காய் கூட நசுங்காது.

ஆறே முக்காலுக்குக் கல்லணை வந்துவிடும். கரிகாலன் கட்டியது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். பாலத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறவர்கள்தான் பெரும்பாலும். அவர்கள் பார்த்தது மேலே உள்ள மதகுகளையும் பாலத்தையும். அவை பிற்காலத்தில் சேர்ந்தவை. கரிகாலன் போட்ட கல் அடியில் கிடக்கிறது. ஆற்று மணலில் பெரிய பாறையைப் போட்டால் அரிப்பில் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அதன்மேல் இன்னொன்று, நடுவில் களிமண், அதன்மேல் மற்றொன்று. இனி இறங்காது என்கிற ஆழத்துக்குப் போனதும் அதுவே அஸ்திவாரம். கடற்கரையில் அலை வரும்போது நம் காலடி மண் கரைந்து கால் உள்ளே போகிறதே, அதே வேலைதான் என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். 19ஆம் நூற்றாண்டில் இங்கே வேலை பார்த்த ஆர்தர் காட்டன் இந்த முறையைக் கண்டு வியந்தவர். அவர் சிலையும் இங்கே இருக்கிறது, யானை மேல் அமர்ந்த கரிகாலன் சிலையும் இருக்கிறது.

இப்போது முக்கியமான வேலை. பாலத்தில் தண்ணீர் போகும் திசையைப் பார்த்து, அதாவது கிழக்கே முகம் வைத்து நில்லுங்கள். இடமிருந்து வலமாகக் கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். கடைசியில் உள்ளதை இந்தப் பக்கத்து மக்கள் புது ஆறு என்பார்கள்; 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பயன்பாட்டுக்கு வந்தது. கொள்ளிடம் தாழ்வான படுகை. விட்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே ஓடிப்போய் வீணாகும். அதைத் தடுத்து, வேண்டியதை மட்டும் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் திருப்பிவிட்டு, வெள்ளம் வந்தால் மிச்சத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவதற்குத்தான் இந்த அணை. இதைப் பாலத்தின் மேல் நின்று பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்டுங்கள். நான்கு பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தும் விடலாம். அன்றைக்கு அதுதான் அவர்களுடைய வரைபடம்.

கல்லணையில் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. மதகு திறந்திருக்கும்போது கீழே சுழல் இருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. மணல் அள்ளிய குழிகளும் இந்த ஆறுகளில் ஆங்காங்கே உண்டு. முழங்கால் அளவு என்று நினைத்து வைக்கும் அடுத்த அடியில் தலை முழுகும். நீச்சல் தெரிந்த பெரியவர்களே போய்விடுகிறார்கள். கால் நனைக்க வேறு இடம் சொல்கிறேன், பொறுங்கள்.

இட்லியை இங்கே பூங்கா நிழலில் சாப்பிட்டுவிடலாம். கல்லணையில் வறுத்த மீன் பிரபலம்தான், ஆனால் அதற்கான நேரம் இது இல்லை. கோயிலுக்குப் போகிறோம் என்பதாலும், இன்னும் நிறைய வழி போக வேண்டும் என்பதாலும் எங்கள் வீட்டில் அதைத் தனியாக இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வோம்.

கரையோரச் சாலை

எட்டு மணிக்குக் கிளம்பி தோகூர், கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழி. கோவிலடியில் அப்பக்குடத்தான் என்று பெயர் கொண்ட பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். அவருக்கு அப்பம் நைவேத்தியம். வைணவக் குடும்பமாக இருந்தால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மற்றவர்கள் வண்டியிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம், திருவையாற்றில் நேரம் வேண்டும்.

ஓட்டுகிறவருக்கு இரண்டு விஷயம். கரைச் சாலையில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் பார்த்து முன்கூட்டியே நின்றுவிடுங்கள். மழை பெய்த மறுநாள் தாரை விட்டு மண்ணில் சக்கரம் இறக்கக் கூடாது, கரை மண் உள்வாங்கும். எங்கள் கார் ஒருமுறை இப்படித்தான் இடது பக்கம் சாய்ந்து நின்றது. நெல் மூட்டை ஏற்றி வந்த டிராக்டர்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவிட்டார், காசு கொடுத்தால் வாங்கவில்லை. இரண்டாவது, அறுவடைக் காலத்தில் சாலையில் பாதியை அடைத்து நெல் காய்ப்போட்டிருப்பார்கள். ஹாரன் அடித்துக்கொண்டு அதன்மேல் ஏற்றாதீர்கள். ஈரப்பதம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், அந்த வெயில் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம். மெதுவாக மறு பக்கம் போய்விடலாம்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. தாளில் ஐந்தாவது பெயராக அதையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு நடுக்காவேரி, திருப்பூந்துருத்தி, கண்டியூர். துருத்தி என்றால் இரண்டு ஆற்றுக்கு நடுவே உள்ள நிலம். காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடையில் இருப்பதால் அந்தப் பெயர். இந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயரைக் கேட்டாலே தண்ணீர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். சாலையோரம் உயரமான அகத்தி மரங்கள் வரிசையாக, நெருக்கமாக நின்றால் அது வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி மேல் கொடி படர்ந்திருக்கும். கண்டியூரில் இடது பக்கம் திரும்பிக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவையாறு.

ஒன்பதரை: திருவையாறு

இங்கே இரண்டரை மணி நேரம் கட்டாயம். அவசரமாகப் பார்க்கிற ஊர் இல்லை. வண்டியைத் தேர் வீதிகளில் எங்காவது அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள், ஊர் சிறியது.

முதலில் ஐயாறப்பர் கோயில். தெற்குக் கோபுர வாசலில் ஆட்கொண்டார் சன்னதி. அங்கே குண்டத்தில் குங்கிலியம் புகைந்துகொண்டிருக்கும். அந்த வாசம்தான் என் பிள்ளைகளுக்குத் திருவையாறு. கருவறையை ஒட்டிய சுற்றில் பின்பக்கம் வலம் வருவதில்லை, சுவாமியின் சடை அங்கே பரந்து கிடக்கிறது என்பது நம்பிக்கை. அம்மன் பெயர் அறம் வளர்த்த நாயகி. வெளிப் பிராகாரத்தில் வட கைலாயம், தென் கைலாயம் என்று இரண்டு தனிக் கோயில்கள். வட கைலாயத்தைக் கட்டியவள் ராஜராஜனின் பட்டத்தரசி உலகமாதேவி. சாயங்காலம் புருஷன் கட்டியதைப் பார்க்கப் போகிறோம், காலையில் பெண்டாட்டி கட்டியதைப் பார்த்துவிட வேண்டும். இங்கே கூட்டமே இருக்காது. தூண்களையும் சுவர்ச் சிற்பங்களையும் மூக்குக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். அப்பருக்குக் கயிலைக் காட்சி கிடைத்த தலம் இது. இணை இணையாக வந்த யானை, கோழி, குயில் எல்லாவற்றிலும் அவர் சிவனையும் சக்தியையும் கண்டார் என்ற கதையைப் பாட்டிமார் யாராவது கூட வந்திருந்தால் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

பிராகாரத்தின் தென்மேற்குப் பக்கத்தில் ஓரிடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் குரல் திரும்பத் திரும்பக் கேட்கும். கோயிலில் யாரைக் கேட்டாலும் இடத்தைக் காட்டுவார்கள். ஏழு முறை என்பது ஊர்க் கணக்கு. என் மகனுக்குக் காது கூர்மை, அவன் நாலு எண்ணினான். என் அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்று, "அஞ்சுடா, கடைசி ஒண்ணு ரொம்ப மெதுவா வரும், மூச்சை அடக்கிக் கேளு" என்றார். மறுபடி கூப்பிட்டோம். அஞ்சாவது வந்தது.

அங்கிருந்து காவிரிக்கு நடை. புஷ்ய மண்டபப் படித்துறைதான் நான் சொன்ன கால் நனைக்கும் இடம். தண்ணீர் படிகளைத் தொட்டுக்கொண்டு அமைதியாக ஓடும் நாளில் மட்டும். கலங்கல் நிறத்தில் வேகமாக வந்தால் மேல் படியோடு சரி. அமைதியான நாளிலும் தண்ணீருக்குள் உள்ள முதல் படியைத் தாண்டி யாரையும் விடாதீர்கள். போன வருஷம் என் மகள் இரண்டாவது படியில் கால் வைத்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "தம்பி, பாப்பாவ மேல ஏறச் சொல்லு. அந்தப் படி பாசி" என்றார். அவர் சொல்லி முடிக்கும்போதே வழுக்கிவிட்டாள். கையைப் பிடித்திருந்ததால் இடுப்பு வரை நனைந்ததோடு போயிற்று. அதற்கப்புறம் அந்த அம்மாவே எழுந்து வந்து, எந்தப் படி சொரசொரப்பு, எது வழுக்கும் என்று காலால் தடவிக் காட்டிக் கொடுத்தார். படித்துறைக்குப் போனால் முதலில் அங்கே குளிப்பவர்களிடமும் துவைப்பவர்களிடமும் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாத படி கிடையாது. சோப்பும் ஷாம்பு உறையும் பழைய துணியும் ஆற்றில் விடாமல் திரும்புவது நம் பொறுப்பு.

கரையோரமாகவே தியாகராஜர் சமாதி. அவர் காலம் 1767 முதல் 1847 வரை. ராமனைப் பாடிக்கொண்டு இந்த ஊர்த் தெருக்களில் உஞ்சவிருத்தி, அதாவது வீடு வீடாகப் பிச்சை, எடுத்தவர். சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்தபோது, பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தையும் நகையையும் செலவழித்து இடத்தை வாங்கிக் கோயில் எழுப்பினார். ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லாதிருந்த காலத்தில் அதற்காகப் போராடியவரும் அவர்தான். அவருடைய நினைவிடம் குருவின் சன்னதியைப் பார்த்தபடி எதிரே இருக்கிறது. அதையும் பார்க்காமல் வராதீர்கள். ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியில், பெரும்பாலும் ஜனவரியில் வரும், நூற்றுக்கணக்கான பாடகர்கள் இங்கே ஒன்றாக உட்கார்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். மற்ற நாட்களில் இங்கே அமைதிதான். பாடத் தெரிந்த பிள்ளை கூட வந்திருந்தால் மெதுவாக ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய மேடை அதற்குக் கிடைக்காது.

கிளம்புமுன் அசோகா. திருவையாற்றுக்கு வந்துவிட்டு அசோகா சாப்பிடாமல் போனவர்களை நான் பார்த்ததில்லை. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் நெய்யும் கோதுமை மாவும் சேர்த்துக் கிளறுவது. அல்வா போலத் தோன்றும், ஆனால் இழுவை இருக்காது. நாக்கில் வைத்ததும் கரையும், பிறகு பருப்பின் மணம் மட்டும் நிற்கும். சூடாக, கொஞ்சமாக வாங்கிச் சாப்பிடுங்கள். வீட்டுக்குப் பொட்டலம் கட்டுவதென்றால் அன்றைக்குக் கிளறியதா என்று கேட்டு வாங்குங்கள்.

பன்னிரண்டு மணி: ஐந்து பாலம்

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் வரை உள்ள 13 கிலோமீட்டரில்தான் இந்தப் பயணத்தின் பரிசு இருக்கிறது. தாளை எடுக்கச் சொல்லுங்கள். முதல் பாலம் காவிரி. கண்டியூர்ப் பக்கம் குடமுருட்டி. அடுத்து வெட்டாறு. பள்ளியக்ரகாரத்தில் வெண்ணாறு. கரந்தையில் வடவாறு. ஐந்து ஆறு, அதனால் ஐயாறு. குடமுருட்டி காவிரியின் பிள்ளை. வெட்டாறும் வடவாறும் வெண்ணாற்றின் பிள்ளைகள். காவிரியும் வெண்ணாறும் காலையில் கல்லணையில் பார்த்த அதே இரண்டு மதகுகளின் தண்ணீர். பாலங்கள் சில சின்னவை, கண்ணிமைத்தால் போய்விடும். முதல் தடவை நாங்கள் வெட்டாற்றைத் தவறவிட்டோம். மகன் பிடிவாதம் பிடித்ததால் வண்டியைத் திருப்பி மறுபடி கடந்தோம். திருப்பியது சரிதான்.

மத்தியானம்: சாப்பாடும் அரண்மனையும்

தஞ்சாவூரில் இலைச் சாப்பாடு போடும் ஓட்டல்களுக்குக் குறைவில்லை. பஸ் நிலையத்தைச் சுற்றியும் பழைய நகருக்குள்ளும் நிறைய உண்டு. கழிப்பறை வேலையையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் இனிப்பு வேண்டும் என்றால் பால்கோவா பூரணம் வைத்த சந்திரகலாவைக் கேளுங்கள்.

ஒன்றரை மணிக்குக் கீழராஜ வீதியில் உள்ள அரண்மனை. நாயக்கர்கள் கட்டத் தொடங்கி மராட்டியர்கள் வளர்த்தது. வளாகத்துக்குள் பல பகுதிகள், தனித்தனிச் சீட்டு. எல்லாவற்றுக்கும் வாங்கிவிட்டு ஓடாதீர்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இரண்டு போதும்: கலைக்கூடம், சரஸ்வதி மகால். பொது விடுமுறை நாளில் போவதாக இருந்தால் திறந்திருக்குமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள். நூறு சிலைகளையும் பார்க்க முயன்றால் அரை மணியில் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். நேராகத் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரிடம், அதாவது காளை வாகனச் சிவனிடம் போங்கள். ராஜராஜன் காலத்தில், 1011இல் செய்தது. காளை இல்லை, காளை மேல் கையை ஊன்றி நிற்கும் பாவனை மட்டும் இருக்கிறது. தலையில் பாம்பையும் சடையையும் சேர்த்துத் தலைப்பாகை போலக் கட்டியிருப்பார். காற்றில் ஊன்றிய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மாடு தெரியத் தொடங்கும். பிள்ளையை அதே மாதிரி நிற்கச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று அதற்கே தெரியும். பக்கத்தில் அவருடைய தேவி.

சரஸ்வதி மகாலில் காட்சிக்கூடப் பகுதியைத்தான் நாம் பார்க்க முடியும். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி சேர்த்துப் பெருக்கிய நூலகம். ஓலைச்சுவடிகள், பழைய வரைபடங்கள், படங்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்தை முதன்முதலில் பார்க்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு பொடியாக இருக்கிறது என்பதே ஆச்சரியம். அரண்மனையில் ஒரு பெரிய திமிங்கல எலும்புக்கூடும் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

வெளியே வந்ததும் தலையாட்டி பொம்மைக் கடைகள். வாங்குமுன் பொம்மையைத் தரையில் படுக்க வைத்துக் கையை எடுங்கள். தானாக எழுந்து நிற்க வேண்டும். அடிப்பாகத்தில் கனம் சரியாக வைத்திருந்தால்தான் எழும். இடுப்பு, கழுத்து, தலை என்று தனித்தனியாக ஆடும் ஆட்டக்காரி பொம்மையை வண்டியில் மடியில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும், டிக்கியில் போட்டால் வண்ணம் உதிரும்.

நாலு மணி: பெரிய கோயில்

வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். காலையில் வருகிறவர்கள் பத்து மணிக்கே கல் சுட்டு ஓடிக்கொண்டிருப்பார்கள். நாலு மணிக்கும் முற்றத்துக் கல் சூடாகத்தான் இருக்கும், காலுறை அதற்குத்தான். ஐந்தரைக்கு மேல் சூடு தணிந்து, விமானத்தின் மேற்குப் பக்கத்தில் பொன் வெயில் ஏறும். செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டால் திரும்பும்போது வரிசை மிச்சம். வண்டி நிறுத்தும் இடம் கோயிலுக்குப் பக்கத்திலேயே உண்டு.

வாசல்களைக் கடந்து ஓடாதீர்கள். கேரளாந்தகன் வாசல், அடுத்து ராஜராஜன் வாசல். இரண்டாவதில் பெரிய துவாரபாலகர்களின் காலடியைப் பாருங்கள். ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரியது என்று பிள்ளைக்குத் தெரியும். அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பே காலடியில் கிடக்கும் காவலன் எவ்வளவு பெரியவன், அவன் காக்கும் உள்ளே இருப்பவர்? சிற்பி அந்தக் கேள்வியை நம்மிடம் விட்டுவிட்டு நகர்ந்துவிட்டான்.

உள்ளே போனதும் எல்லாரும் மேலே பார்ப்பார்கள். விமானம் 216 அடி, 1010இல் குடமுழுக்குக் கண்டது. நிழல் தரையில் விழாது என்று யாராவது வழிகாட்டி சொன்னால் நம்ப வேண்டாம். மாலையில் நிழல் முற்றத்தில் நீளமாகக் கிடக்கும், பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். மேலே பார்த்து முடித்ததும் கீழே, அடித்தளத்தைப் பாருங்கள். சுற்றிலும் கல்வெட்டு. நாம் கொடுத்தவையும், நம் அக்கன் கொடுத்தவையும், நம் பெண்டுகள் கொடுத்தவையும், மற்றும் கொடுத்தார் கொடுத்தவையும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது அங்கே இருக்கிறது. அக்கன் என்பது குந்தவை. விளக்குக்கு ஆடு கொடுத்தவர்களும், பல ஊர்களிலிருந்து வந்து குடியேறிய 400 ஆடல் மகளிரும், எந்தத் தெருவில் எந்த வீடு என்ற கணக்கோடு இருக்கிறார்கள். எழுத்து ஆயிரம் வருஷப் பழசு. ஆனாலும் பத்து நிமிடம் பொறுமையாக விரல் வைத்துப் பார்த்தால் "ஸ்ரீ", "ட", "ப", "ம" என்று சிலது பிடிபடும். என் மகள் ஒரு "ப"வைக் கண்டுபிடித்துவிட்டுக் கோயில் முழுக்க அதையே தேடிக்கொண்டிருந்தாள். சுவர்மேல் சாய்வதும், கல்வெட்டில் திருநீறு தடவுவதும் வேண்டாம்.

சுவாமி தரிசனம் முடித்து, நந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்துவிடுங்கள். ஒற்றைக் கல் நந்தி, நாயக்கர் காலத்தது. விளக்குகள் எரியத் தொடங்கும்வரை இருங்கள். தஞ்சாவூர்க்காரர்கள் மாலைக் காற்றுக்கு வந்து உட்காரும் இடம் இது. பிள்ளைகள் ஓடி விளையாடும்.

ஏழு மணி: திரும்பும் வழி

வெளியே வந்ததும் கோயிலை ஒட்டி ஓடும் கால்வாயின் பாலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதுதான் புது ஆறு. காலையில் கல்லணையில் வலக்கோடியில் பார்த்தது. கொள்ளிடத்தை விட்டால், தாளில் மிச்சம் இருந்த பெயர் அதுதான். இருட்டில் அகழிக்கு அந்தப் பக்கம் விமானம் விளக்கொளியில் நிற்க, கீழே அது சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

திரும்பும்போது கரைச் சாலையைப் பிடிக்க வேண்டாம். விளக்கு இல்லாத இடங்கள் அதிகம், மாடுகள் நடுவில் படுத்திருக்கும். திருச்சி நெடுஞ்சாலை நேராக இருக்கிறது, வாழவந்தான்கோட்டையில் சுங்கச்சாவடி, பாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டைத் தஞ்சாவூரிலேயே முடித்துக்கொண்டால் பிள்ளைகள் செங்கிப்பட்டி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். ஓட்டுகிறவருக்குக் கண் சொக்கினால் வெட்கப்படாமல் ஒரு டீக்கடையில் நிறுத்திவிடுங்கள், நாள் முழுக்க வெயிலில் நின்ற உடம்பு.

எட்டரை, ஒன்பதுக்கு வீடு. தூங்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகும் அவசரத்தில் டிக்கியில் உள்ள நனைந்த துணிப் பையை மறந்துவிடாதீர்கள். மறுநாள் காலை கதவைத் திறந்தால் கார் முழுக்க ஆற்றுப் பாசி வாசம் அடிக்கும்.